தன்னாமுனையில் மூன்றாம் மாடி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. அந்த அலுமாரிக்கு இரண்டு கதவுகள் என்பது என் ஞாபகம். ஒன்றுதான் என்று முப்லிஹா சொல்லியிருக்கிறாள். அதற்குள் அதிக நேரம் நின்றவள் அவள் என்பதால் அவள் சொன்னதையே வைத்துக்கொள்கிறேன். அதிகாரிகளின் பேச்சுகளில் சிலவற்றை அவர்கள் உண்மையிலேயே பேசினார்களா, அல்லது பேசியிருப்பார்கள் என்று நான் பின்னால் இருந்து யோசித்துச் சேர்த்துக்கொண்டேனா என்றும் தெரியவில்லை. எப்படியானாலும் அவர்கள் குறைசொல்லப் போவதில்லை. தங்கள் பேச்சை அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

காலத்தைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை. சுனாமியாகக் கடல் வந்ததற்குப் பிறகு தொடங்கி, யுத்தம் முடிந்த கையோடு முடிந்தது.

அப்போது நான் ஓர் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தேன். மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த மணல் துண்டில் எங்கள் நிலையம். மரவேலை, வெல்டிங், தையல், மோட்டார் திருத்தம் என்று வகுப்புகள் நடந்தன. கடல் வந்தது விடுமுறை நாளில் என்பதால் பிள்ளைகள் தப்பினார்கள். நிலையம் தப்பவில்லை. என் களஞ்சியத்திலிருந்த மர அலுமாரி ஒன்று மட்டும் வாவிக்குள் மிதந்துபோய்ச் சதுப்புக் கண்ணாப் பற்றைக்குள் சிக்கியிருந்தது. அதைத் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். உப்பு ஊறிக் கதவு தடித்துவிட்டிருந்தது. அரசாங்கச் சொத்தில் மிஞ்சியவை அந்த அலுமாரியும் பணிப்பாளர் வினாயகமூர்த்தியும்தான்.

வினாயகமூர்த்தி அமிர்தகழியில் குடியிருந்தார். சரியாகச் சொன்னால், அமிர்தகழியில் தன் மனைவியின் வீட்டில் குடியிருந்தார். இதில் விசேஷம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கல்யாணம் முடித்தவன் ஒரு பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வருவான். பிணக்கு முற்றினால் அந்தப் பெட்டி படலைக்கு வெளியே வைக்கப்படும். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. தெருவில் போகிறவர்கள் அதைக் கண்டால் போதும், விஷயம் தீர்ந்தது. இது இங்கே எல்லோருக்கும் தெரியும். வினாயகமூர்த்திக்கும் தெரியும். தெரிந்ததை அலுவலக நேரத்தில் மறந்துவிடும் பழக்கம் மட்டும் அவருக்கு இருந்தது.

கடல் கொண்டுபோன நிலையத்தைப் பழையபடி கட்டுவது பிற்போக்குத்தனம் என்று கொழும்பில் முடிவாயிற்று. இவ்வளவு காலமும் அரசாங்கம் தன் பாட்டில் வேலை பழக்கிக்கொண்டிருந்ததாம். வேலை கொடுக்கிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டதேயில்லையாம். இனிமேல் அரசாங்கமும் வர்த்தகமும் தோளோடு தோள் நிற்கும். வர்த்தகம் கேட்கும், அரசாங்கம் பழக்கும், வெளிநாட்டுக்காரர் செலவைப் பார்ப்பார்கள். இதற்குத் 'தொழிற்படை அபிவிருத்திப் பங்காண்மை' என்று பெயர். வர்த்தகத்தின் பக்கத்திலிருந்து ஒரு கொழும்புக் கம்பனி வந்தது. அதற்கு ஹோட்டல், ஆடைத் தொழிற்சாலை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் பிரிவு எல்லாம் இருந்தன. அதன் இணைப்பாளராக வந்தவன் நிலோஜன். தகப்பன் மட்டக்களப்பு, இவன் வளர்ந்தது கொழும்பு வெள்ளவத்தை. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வாவிக் காற்றில் நிற்பான். அது அவன் முகத்தில் அடிக்க அடிக்கப் பேசுவான்.

நிலம் வேண்டும். தன்னாமுனையில் வாவிக் கரையோரம் ஒரு வளவு இருப்பதாக வினாயகமூர்த்தி கேள்விப்பட்டார். அது யசோதினியின் சீதன வளவு. தாய் செத்த பிறகு அவளும், புருஷன் உதயரூபனும், மூன்று வயது மகள் கஜானியும் பின் மூலையில் சிறிய வீட்டில் இருந்தார்கள். உதயரூபன் வாவியில் மீன்பிடிக்கிறவன். அந்த நாட்களில் இராணுவம் வாவிக்குள் இறங்க விடும் நேரத்தைவிட விடாத நேரம் அதிகம்.

நாங்கள் போனபோது யசோதினி கிணற்றடியில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நிலோஜன் காகிதத்தைத் திறந்தான்.

"வீட்டுத் தலைவர் யாரு?"

உதயரூபன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அப்படியொரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"நான் எண்டுதான் நினைக்கன்," என்றான்.

"நினைங்க, நினைங்க," என்றாள் யசோதினி, பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றியபடி. "நினைக்கிறத்துக்கு ஆரும் தடை போடல்லதானே."

வேலிக்கு அப்பால் மாடு கட்டிக்கொண்டிருந்த கந்தப்போடி சத்தமாகச் செருமினார். அவருக்குச் சிரிப்பு அப்படித்தான் வரும்.

வினாயகமூர்த்தி அவளிடம் கனிவாகச் சொன்னார். "வளவத் தாங்க தங்கச்சி. குடும்பத்துக்கு ஒரு வேல நிச்சயம். நிலையம் உங்கட வாசல்லயே வருகுது."

யசோதினி பிள்ளையைத் துவட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். "எனக்கு வேற ஒண்டும் வேணா சேர். ஏஜென்சிக்காரன் குவைத்துக்குக் கேட்டுக் கேட்டு வாறான். இவள உட்டுட்டுப் போக எனக்கு ஏலா. இஞ்சயே ஒரு வேல. கூட்டுற வேலயெண்டாலும் காணும்."

"ஏன் போகணும்? ஒருத்தரும் போகாம இருக்கத்தானே இந்தத் திட்டமே."

அவள் தலையாட்டினாள். உதயரூபன் கையெழுத்துப் போட்டான். மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். படத்தில் யசோதினி இல்லை. பிள்ளைக்குச் சட்டை எடுக்க உள்ளே போயிருந்தாள். வளவு யாருடையது என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஊரில் அதை மறைத்தவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார்கள்.

பங்காண்மை முதலில் கட்டியது ஓர் இரும்புக் கேற். பிறகு மண்டபம். பிறகு வேலைவாய்ப்பு. உதயரூபனுக்குக் 'கௌரவ நுழைவு முகாமையாளர்' பதவி கிடைத்தது. காலையில் கேற்றைத் திறந்து மாலையில் பூட்டவேண்டும். கௌரவப் பதவி என்பதால் சம்பளம் அடுத்த கட்டத்தில். எனக்கும் ஒரு மேசை அடுத்த கட்டத்தில். தையல் இயந்திரங்களும் அடுத்த கட்டத்தில். யசோதினி தன் வேலையைப் பற்றிக் கேட்டபோது வினாயகமூர்த்தி வியப்போடு பார்த்தார்.

"குடும்பத்துக்கு ஒண்டு எண்டு சொன்னதுதானே? அது அவருக்குக் குடுத்தாச்சு. நீங்க முதல்ல பயிலுனராகச் சேருங்க. பயிற்சி இல்லாம வேல குடுத்தா அது பழைய முறை."

அவள் சேர்ந்தாள். மற்றப் பெண்களும் சேர்ந்தார்கள். அவர்களில் முப்லிஹா ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய சீதன வளவு எல்லைப் பக்கத்து ஊரொன்றில் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுக் கொலைகளின்போது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து ஓடி வந்தவள். திரும்பிப் போக வாய்க்கவில்லை. ஏறாவூரில் அக்காவான ராத்தாவின் வீட்டு விறாந்தையில் இருந்தாள். புருஷன் இல்லை. வாய் இருந்தது.

முதற்பயிற்சி புன்னகை. கிழக்கு மாகாணத் தொழிற்படையிடம் இல்லாதது என்னவென்று கம்பனி ஆய்வு செய்ததில், சிரிப்பு இல்லை என்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கொழும்பிலிருந்து பயிற்சி கொடுக்க 'வளவாளர்' ஒருவர் வந்தார். எட்டுப் பற்கள் தெரியவேண்டும், கண்ணும் சிரிக்கவேண்டும் என்றார். மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் கடலுக்கு யாரையாவது கொடுத்தவர்கள். அதை யாரோ அவருக்குச் சொன்னார்கள்.

"துக்கம் தனிப்பட்ட சொத்து," என்றார் வளவாளர். "அதை வீட்டில் வைத்துவிட்டு வேலைத்தளத்துக்கு வாருங்கள்."

"வீடும் போயிற்றே சேர். எங்க வைக்கிற?" என்று கேட்டாள் முப்லிஹா.

அவர் அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த கட்டத்தில் வீடமைப்புப் பங்காளர் ஒருவரைத் தேடலாம் என்றார். யசோதினி அந்தப் பயிற்சியில் தவறிவிட்டாள். அவளுடைய மதிப்பீட்டை வளவாளர் எல்லோர் முன்னும் வாசித்தார்: "பல் தெரிகிறது. ஆனால் கண் ஒத்துழைக்கவில்லை."

மாதாந்தக் கூட்டங்களில் நானும் இருப்பேன். கூட்டத்தில் பேசுவது எனக்கு வராது. கடல் என் புத்தகங்களைக் கொண்டுபோனதிலிருந்து மற்ற இடங்களிலும் குறைந்துவிட்டது. ஒரு நாள் நிலோஜன் தன் அறிக்கையை வாசித்தபோது, 'களஞ்சியப் பிரிவு சகல தீர்மானங்களுக்கும் பூரண உடன்பாடு' என்று இருந்தது. அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் 'பூரண' என்பது 'உற்சாகமான' என்று ஆகியிருந்தது.

அடுத்து லிஃப்ட். சமாதானம் வந்ததும் கம்பனி பாசிக்குடாப் பக்கம் உயரமாக ஒரு ஹோட்டல் கட்டும். அதற்கு லிஃப்ட் இயக்குநர்கள் வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் லிஃப்ட் கண்டதில்லை. நிலோஜன் வளவெங்கும் தேடிவிட்டு என் அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றான். தட்டுகள் கழற்றப்பட்டன. உள்ளே எண்கள் எழுதி ஒட்டப்பட்டன. பயிலுனர் ஒருவர் ஒருவராக உள்ளே போகவேண்டும். கதவு சாத்தப்படும். வெளியே நிற்கும் நிலோஜன் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுவான். 'மூன்று' கேட்டதும் உள்ளே இருப்பவர் மூன்று மொழிகளில் சொல்லவேண்டும்: "மூன்றாம் மாடி. பார்த்து இறங்குங்கள்."

முப்லிஹாவின் முறை வந்தபோது உப்பு ஊறிய கதவு இறுகிவிட்டது. ஒரு ஆளாக இழுத்து வரவில்லை. ஆட்களைக் கூப்பிட்டோம்.

"யசோ, இந்த மாடியில காத்து வராதா கா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில நிக்காய் புள்ள. பொறு," என்றாள் யசோதினி.

"அல்லாவே, இறங்கினா நான் மாடு மேய்ச்சாவது பொழைப்பன்."

கதவைப் பெயர்த்து அவளை வெளியே எடுத்தபோது முகம் கறுத்து, உடுப்பு நனைந்து ஒட்டியிருந்தது. நிலோஜன் கைதட்டினான். மின்வெட்டின்போது அமைதி காத்ததற்காக அவளுக்கு அதிகூடிய புள்ளி. அலுமாரிக்கு மின்சாரம் இல்லை என்பதை அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

பிறகு வாகரைப் பக்கத்திலிருந்து ஷெல்லடிக்குத் தப்பிச் சனங்கள் வந்தார்கள். சட்டி பானையும் நோயாளிகளுமாக வந்து எங்கள் வளவில் கூடாரம் அடித்தார்கள். யசோதினி தன் அடுப்பையும் கிணற்றையும் அவர்களுக்கு விட்டுவிட்டாள். பங்காண்மை ஓர் அவசரக் கூட்டம் கூட்டியது. பயிலுனர் தொகை போதாது என்று வெளிநாட்டுக்காரர் குறைசொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

"இவர்களை நாம் அகதிகள் என்று பார்ப்பது அவர்களுடைய தன்மானத்துக்கு இழுக்கு," என்றார் வினாயகமூர்த்தி. "வதிவிடப் பயிலுனர்கள் என்று பார்ப்போம். கூடாரத்தில் இருப்பது விடுதி. சாமானுக்கு வரிசையில் நிற்பது வரிசை முகாமைத்துவம். எந்த ஹோட்டலிலும் வரிசை உண்டு."

அந்த வாரமே எங்கள் நிலையம் நாட்டில் மிகப் பெரியதாகிவிட்டது. நிவாரண மாவோடு சேர்த்து ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். தடித்த மட்டை. அடுப்பு விசிற நல்லது என்று பெண்கள் சொன்னார்கள். திரும்பிப் போகலாம் என்று பஸ்களில் ஏற்றிய அன்று, ஏறியவர்கள் அனைவரும் 'பயிற்சி முடித்து வெளியேறினர்' என்று வாசிக்கப்பட்டது. என் உடன்பாடு மீண்டும் உற்சாகமாக இருந்தது.

யசோதினி இதற்கெல்லாம் பொறுத்தாள். காலையில் மண்டபத்தைக் கூட்டுவாள், அதற்கும் சம்பளமில்லை. அது செயன்முறைப் பயிற்சி. ஒரு தடவை கதிரைகளை அடுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "ஐயா, இவங்க ஒரு நாளைக்கு எனக்கு வேல தருவாங்களா?" நான் அடுக்கிய கதிரைகளை நேராக்கினேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றக் கதிரையைத் தூக்கினாள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்னது. நிலையத்தில் வெற்றிக்குப் பாற்சோறு கொடுத்தார்கள். ஊரில் பல வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை. நிலோஜன் மண்டபத்தில் எழுந்து நின்றான்.

"சமாதானம் என்பது ஒரு சந்தை," என்றான். "நேற்று வரை நாங்கள் உங்களைப் பயிற்றுவித்தோம், ஏன் என்று எங்களுக்கே தெரியவில்லை. இன்று தெரிகிறது. பங்காண்மையின் முதல் அணிக்கு நூற்றுக்கு நூறு வேலைவாய்ப்பு."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். யசோதினி எழுந்தே நின்றுவிட்டாள். நிலோஜன் பெயர்களை வாசித்தான். எல்லாம் பெண்கள். இடம் குவைத். பதவி வீட்டுப் பணியாளர். ஹோட்டல் அடுத்த கட்டத்தில். அதுவரை கம்பனியின் ஆள் அனுப்பும் பிரிவு எல்லோரையும் பொறுப்பெடுக்கிறது. சோதிப்பதற்கென்று அவர்களிடமிருந்து முன்பே வாங்கி வைத்த கடவுச்சீட்டுகள் தன்னிடம் பத்திரமாக இருக்கின்றன என்றும் சொன்னான்.

"குவைத்தெண்டா," என்றாள் யசோதினி, "இது ஏஜென்சிக்காரன் சொன்ன அதே குவைத்தா, வேற குவைத்தா?"

"மிஸிஸ் உதயரூபன், அப்ப போயிருந்தா நீங்க சும்மா பணிப்பெண். இப்ப சான்றிதழ் பெற்ற பணிப்பெண். அதுதான் சீர்திருத்தம்."

"அங்க வீட்டுல லிஃப்ட் இரிக்கா சேர்?" என்றாள் முப்லிஹா.

"சில வீடுகளில் இருக்கும்." அவன் முகம் மலர்ந்தது. "பாருங்கள், ஒன்றும் வீண்போகவில்லை."

"எண்ட புள்ள?" என்றாள் யசோதினி.

அதற்கும் பங்காண்மையிடம் பயிற்சி இருந்தது. மறுநாள் முதல் அணியின் பிள்ளைகளை மண்டபத்துக்கு எடுத்தார்கள். பாடத்தின் பெயர் 'பிரிவுக்கு ஆயத்தமாதல்'. கதிரைகளை விமானம்போல் அடுக்கினார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று அதைப் பார்த்துக் கையசைக்க வேண்டும். அழக்கூடாது. எட்டுப் பற்கள். கஜானிக்கு அப்போது ஏழு வயது, முன்பல் விழுந்திருந்தது. எட்டு வரவில்லை என்று அவளைத் திரும்பத் திரும்பக் கையசைக்க வைத்தார்கள். அவள் கண் எடுக்காமல் வெறுங்கதிரைகளைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்துக்கொண்டே இருந்தாள்.

யசோதினி துடைப்பத்தோடு வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, பிள்ளையின் கையைக் கீழே இறக்கி, கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மௌனத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அது உடன்பாடு அல்ல.

திட்டத்தை மதிப்பிட வெளிநாட்டு அம்மா ஒருவரும், அவரோடு கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவரும் வரும் நாள் வந்தது. கட்டிடத்தை அவர்கள் கண்ணால் கண்டால்தான் அடுத்த கட்டம். வினாயகமூர்த்தி, நிலோஜன், உதயரூபன் எல்லோரும் மாலைகளோடு பிரதான வீதிச் சந்திக்குப் போனார்கள். நிலோஜனின் தோளில் கடவுச்சீட்டுப் பை தொங்கியது; அவற்றை அந்த அம்மாவின் கையால் கொடுக்க ஏற்பாடு.

அவர்கள் சந்தி திரும்பியதும் யசோதினி களஞ்சிய வாசலில் வந்து நின்றாள். பின்னால் முப்லிஹாவும் மற்றப் பெண்களும் நின்றார்கள்.

"ஐயா, அந்த அலுமாரிக்கு ஒரு கை குடுங்க."

நான் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அலுமாரியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கேற்றுக்கு வெளியே வீதியோரம் வைத்தோம். பிறகு கதிரைகள், மேசை, பேச்சு மேடை, 'தோளோடு தோள்' என்று எழுதிய பதாகை, வினாயகமூர்த்தியின் சுழல் நாற்காலி. எல்லாவற்றுக்கும் முன்னால், எல்லோருக்கும் தெரியும்படி, யசோதினி கடைசியாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அது உதயரூபனின் தகரப் பெட்டி. பிறகு வீட்டு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து, உள்ளே நின்றபடி கேற்றைப் பூட்டினாள். முப்லிஹாவும் பெண்களும் வெளியே நின்றார்கள். நானும் வெளியே நின்றேன்.

கந்தப்போடி மாட்டை அவிழ்க்காமல் வந்து வேலியோரம் குந்தினார். பெட்டியைப் பார்த்தார். வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்தார்.

வாகனங்கள் வந்து நின்றன.

"யசோதினி, என்ன இது? கேற்றத் திற," என்றார் வினாயகமூர்த்தி.

"ஆரு நீங்க?"

"ஆரெண்டா? பணிப்பாளர்."

"பணிப்பாளர் வேலைக்கு வந்தீங்களா? வரிசையில நில்லுங்க. வெயிலுக்க நிண்டு பழகணும். எந்த ஹோட்டல்லயும் வரிச இரிக்கி."

நிலோஜன் முன்னால் வந்தான். "மிஸிஸ் உதயரூபன்..."

"அப்பிடி ஒரு ஆள் இஞ்ச இல்ல."

"ஒப்பந்தம் இருக்கு. உங்கட ஹஸ்பண்ட் கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

"அப்ப அவர்ர வளவுக்குப் போய் நடத்துங்க."

கொழும்பு அதிகாரி உதயரூபனைப் பார்த்தார். "உம்முடைய வளவு எங்கே?"

உதயரூபன் தன் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். "பழுகாமத்தில இரிக்கி சேர். ஆனா அது அக்காட." கந்தப்போடி நீளமாகச் செருமினார்.

அதிகாரி வினாயகமூர்த்தியின் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சேர். நானும் மனிசிட வீட்டுலதான் இரிக்கன்."

"பிறகு ஏன் இந்த ஆளிடம் கையெழுத்து வாங்கினீர்கள்?"

வினாயகமூர்த்தி கழுத்தைத் துடைத்தார். "வீட்டுத் தலைவர் ஆரெண்டுதான் கேள்வி இருந்தது சேர். எங்கட பக்கத்தில ஒரு ஆம்பிளைக்கு அந்தக் கேள்வி கிடைக்கிறது அருமை. கிடைச்சா, விட மனம் வராது."

வெளிநாட்டு அம்மாவுக்கு இதையெல்லாம் யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவர் வீதியோரம் நின்ற அலுமாரியைச் சுற்றி வந்து, இது என்ன என்று கேட்டார். நிலோஜனுக்கு உயிர் வந்தது. லிஃப்ட் பயிற்சியை விளக்கினான். அவர் புருவத்தை உயர்த்தவும், செய்தே காட்டுவதாகச் சொல்லி, தோளில் பையோடு உள்ளே ஏறி நின்றான். சிரித்தான்.

"பல்லு தெரியுது சேர்," என்றாள் யசோதினி கேற்றுக்கு உள்ளிருந்து. "கண்தான் ஒத்துழைக்கல்ல."

முப்லிஹா கதவைச் சாத்தித் தோளால் ஒரு இடி இடித்தாள். கதவு இறுகியது.

"ஒண்டு," என்றாள். நிதானமாக மூச்சு விட்டாள். "ரெண்டு."

எல்லோரும் காத்திருந்தார்கள். உள்ளேயும் காத்திருந்தது தெரிந்தது.

"மூன்று எப்ப வரும்?" என்றது அலுமாரி.

"அடுத்த கட்டத்தில சேர்."

வினாயகமூர்த்தி ஓடிவந்து கதவை இழுத்தார். அதை ஓர் ஆள் இழுத்து வராது என்பது அவருக்கு மறந்திருந்தது. சாரதிகள் என்னைப் பார்த்தார்கள். நான் வாவியைப் பார்த்தேன். பெண்கள் அலுமாரியைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். உள்ளே முதலில் தட்டுகிற சத்தம், பிறகு உதைக்கிற சத்தம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதினார்.

"காத்து வரல்ல," என்றது குரல். இப்போது அதில் வெள்ளவத்தை இல்லை. "திறங்க, கும்பிட்டுக் கேக்கிறன்."

"கதவுக்குக் கீழ இடைவெளி இரிக்கி," என்றாள் முப்லிஹா. "எனக்குத் தெரியும், நான் அதிலதான் மூக்க வச்சிட்டுக் கிடந்தன். எங்கட கடவுச்சீட்ட ஒவ்வொண்டா அதால தள்ளுங்க. எல்லாம் வந்தாப் புறகு மூணு."

உள்ளே பை திறபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கடவுச்சீட்டு வெளியே வந்தது. அதன் பின் மற்றது. முப்லிஹா ஒவ்வொன்றாக எடுத்துப் படத்தைப் பார்த்து உரியவளிடம் கொடுத்தாள். யசோதினியுடையதைக் கேற் கம்பிக்குள்ளால் நீட்டினாள். யசோதினி அதை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மூணு," என்றாள் முப்லிஹா.

பெண்களோடு சேர்ந்து நானும் இழுத்தேன். நிலோஜன் வெளியே வந்து வீதியில் முழங்காலில் விழுந்தான். கழுத்துப்பட்டி முதுகுப் பக்கம் போயிருந்தது.

"பார்த்து இறங்குங்க," என்றாள் யசோதினி.

அவன் எழுந்து கேற்றைப் பிடித்தான். "நாங்க உங்களுக்கு எவ்வளவு செய்தோம்? இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"எனக்கு ஒரு வேல தாறதெண்டுதானே சொன்னீங்க? இப்ப கிடைச்சிரிக்கி. கேற்றப் பூட்டி வச்சிரிக்கிற வேல. நல்லாப் பழகித்தன். இனி ஒருத்தரும் பயிற்சி தரத் தேவையில்ல."

அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். கேற் அன்று திறக்கப்படவில்லை. வினாயகமூர்த்தி வீதியோரம் போட்டிருந்த தன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, வரவேற்புரையை ஆரம்பத்திலிருந்து வாசித்தார். கேட்பதற்கு மாடும் கந்தப்போடியும் இருந்தார்கள்.

பிறகு நடந்தவை இவை. காணி உறுதிப் பத்திரம் யசோதினியின் பெயரில் இருந்தது. காணிப் பிணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் வெளிநாட்டுக்காரர் பின்வாங்கினார்கள். பங்காண்மை வேறொரு மாவட்டத்துக்குப் போயிற்று. அந்த அம்மாவின் அறிக்கையில், பயிலுனர்களே நடத்திய லிஃப்ட் அமர்வுதான் முழுத் திட்டத்திலும் பயனுள்ள ஒரே அமர்வு என்று இருந்ததாகச் சொன்னார்கள். நிலோஜன் கொழும்பில் பதவி உயர்ந்தான். நாலாம் மாடிக்கும் படியேறித்தான் போகிறான் என்று கேள்வி. வினாயகமூர்த்தி ஓய்வுபெற்று அமிர்தகழியில் இருக்கிறார். தன்னாமுனைக் கதை அவர் மனைவியின் காதுக்குப் போனதிலிருந்து அவருடைய பெட்டி உள் அறையிலிருந்து விறாந்தைக்கு வந்துவிட்டது. படலைக்கு இன்னும் வரவில்லை. உதயரூபன் சில மாதம் பழுகாமத்தில் அக்கா வீட்டில் இருந்தான். பிறகு பெட்டியோடு வந்து கேற்றடியில் நின்றான். யசோதினி அவனை அன்று முழுக்க நிற்கவிட்டு, பின்னேரம் திறந்தாள். அவன் வாவிக்குப் போகிறான், அவள் மீனை ஏறாவூர்ச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறாள். மண்டபத்தில் வலை காயப்போடுகிறார்கள். கஜானி பள்ளிக்கூடம் போகிறாள், பல் முளைத்துவிட்டது. யாருக்கும் கையசைப்பதில்லை. அலுமாரி உள்ளே போய்விட்டது. கோழிகள் மூன்றாம் மாடியில்தான் முட்டையிடுகின்றன.

நான் வேலையை விட்டேன். கடைசிக் கூட்ட அறிக்கையில் அதற்கும் என் உற்சாகமான உடன்பாடு இருந்தது. அது மட்டும் உண்மை.

முப்லிஹா அன்று வாங்கிய கடவுச்சீட்டை ராத்தாவின் வீட்டு விறாந்தையில் கொஞ்சக் காலம் வைத்திருந்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு தானாகவே குவைத்துக்குப் போனாள். பூட்டுவதற்கு அவளிடம் கேற் இருக்கவில்லை.